பங்காளிக் கழகங்கள்

டிராம் தண்டவாளம் முடிந்து வளையும் இடத்தில்
லீவனின் உருளைக்கிழங்கு வறுவல் வண்டி.
ஆட்டம் முடிந்தால் அங்கேதான் நிற்போம்.
இன்று ஆட்டமே இல்லை. நிற்கிறோம்.
வட கடல் காற்று
காகிதக் கூம்பிலிருக்கும் உப்பை எடுத்து
எங்கள் கண்ணில் போடுகிறது.

காலையில் கழகம் தந்தது நான்கே வரி.
பத்தொன்பது கோல் அடித்த ஹ்ராபோவெட்ஸ்
போர்ச்சுகல் போகிறான், கால்வேரோ கழகத்துக்கு.
பதிலுக்கு அங்கிருந்து ஒரு கோல்கீப்பர்.
விலை வெளியிடப்படவில்லை.

எங்களிடம் கோல்கீப்பர் ஏற்கெனவே இரண்டு.
இரண்டாமவனே பெஞ்சில் உட்கார்ந்து
பெருத்துவிட்டான்.

கால்வேரோ என்பது
பதினெட்டு அணிகளில் பதினேழாவது.
அவர்களுக்கும் எங்களுக்கும் முதலாளி ஒருவரே;
முகம் பார்த்தவர் இல்லை,
லக்சம்பர்க்கில் ஒரு தபால் பெட்டி எண்.
சகோதரக் கழகமாம், அறிக்கை சொல்கிறது.
சகோதரன் என்றால்
ஒரு தட்டிலாவது தின்றிருக்க வேண்டும்.
இது பங்காளி.
வரப்பை நகர்த்தும்போது மட்டும் நினைவுக்கு வருகிற உறவு.

யோரிஸ் வரி அலுவலகத்துக்காரன்.
கூம்பின் முதுகில் பேனாவால் கணக்கு எழுதினான்.
"வலது பையில் இருந்ததை எடுத்து
இடது பையில் போட்டால் சட்டைக்கு என்ன லாபம்?
ஆனால் வலது பையைத் தேடி
கடன்காரன் வருகிறான் என்று வைத்துக்கொள்..."
எண்ணெயில் மை பிடிக்கவில்லை.
மீதியை அவன் சொல்லவுமில்லை.

"கடனுமில்லை கத்தரிக்காயுமில்லை," என்றான் கபோங்கோ.
"நாம் மூன்றாமிடம். ஐரோப்பியக் கோப்பை
கைக்கெட்டும் தூரம்.
அந்தத் தபால் பெட்டிக்கு ஜெர்மனியில்
இன்னொரு பிள்ளை இருக்கிறது, செல்லப்பிள்ளை.
ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்
அந்தப் பந்தியில் உட்காரக் கூடாது.
அதனால் நம் இலையை
இப்போதே எடுக்கிறார்கள்."

ஹோடெலீவ் முப்பத்தொரு வருடம்
மேற்கு வாசலில் டிக்கெட் கிழித்தவள்.
"அவன் மனைவிக்கு இந்த மழை ஆகவில்லை.
இறால் சந்தையில் அழுததை நானே பார்த்தேன்.
ஓர் ஆள் ஊர் மாற மழை போதாதா?"

"போதுமென்றால் பெல்ஜியமே காலியாகியிருக்கும்,"
லீவன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தே சொன்னான்.
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

எனக்குக் கருத்து எதுவுமில்லை.
வியாழக்கிழமைதான் மகளுக்குச் சட்டை வாங்கினேன்,
முதுகில் அவன் பெயர்.
எழுத்துக்கு மூன்று யூரோ.
இவ்வளவு நீளமான பெயர்.

அப்போது டிராம் வந்தது.
இறங்கியவன் ஒருவன்தான்.
இரண்டு பெட்டிகள்,
தோள்பையில் தொங்கும் கையுறைகள்,
கையுறை இல்லாமலே பெரிய கைகள்.
சின்னக் கூம்பு ஒன்று கேட்டான்,
உடைந்த பிரெஞ்சில்.
மயோனைஸ் வேண்டுமா என்றதற்குத் தலையாட்டினான்,
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பெயர் அடெரிட்டோ.
"இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தார்கள்.
அங்கே நான்தான் முதல் கோல்கீப்பர்.
சனிக்கிழமை கூட ஒரு பெனால்ட்டியைப் பிடித்தேன்."
எங்கள் கழுத்துத் துண்டுகளின் நிறத்தைப் பார்த்தான்.
"நீங்கள் இந்த ஊர் ரசிகர்கள்தானே,
உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
என்னை எதற்கு வாங்கினார்கள்?"

யோரிஸ் தன் கூம்பை
எழுத்து தெரியாதபடி திருப்பிப் பிடித்தான்.
கபோங்கோ நகர்ந்து
காற்றுப் படாத பக்கத்தில் இடம் விட்டான்.
ஹோடெலீவ் மட்டும் கேட்டாள்,
"தம்பி, மழை ஒத்துக்கொள்ளுமா?"

அவன் வானத்தைப் பார்த்தான்.
நல்ல கோல்கீப்பர்தான் போலிருக்கிறது,
கொஞ்ச நேரம் பார்த்தான்.

லீவன் காசு வாங்கிக்கொண்டான்.
இரண்டு யூரோ எண்பது,
வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் தொகை.
அன்றைக்கு எங்கள் ஊரில்
விலை வெளியிடப்பட்ட ஒரே கைமாற்றம்.