வீட்டில் பேசும் மொழி

கேட்டால் தருவார்கள் என்று
யாரோ சொன்னதை நம்பிக் கேட்டுவைத்தேன்.
பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தது
என்னைப் பற்றி அவர்களிடம் இருப்பதெல்லாம்.
இருநூற்றுப் பதினோரு பக்கம்.
என் ஜாதகமே ஒற்றைத் தாள்தான்,
அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

இடம்: சேலம். சரிதான்.
ஆனால் வரைபடத்தில் புள்ளி குத்தியிருப்பது
ஏற்காடு போகும் பாதையில்
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்.
பொன்னம்மாப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
தகரக்கூரை மாடியறையில் வெந்துகொண்டு
ஊரார் ஆஸ்பத்திரி பில்களை நான் சரிபார்த்த
இரண்டு வருடமும்
அவர்கள் கணக்கில் நான் பள்ளத்தின் விளிம்பில்,
குரங்குகளோடு.
நல்ல காற்று வாங்கியிருக்கிறேன்.

சுட்டியின் அசைவு, நிமிடவாரியாக.
அடித்த எழுத்து. அடித்து அழித்த எழுத்து, தனியாக.
மே பதினான்கு, பிற்பகல் 3.07 முதல் 3.16 வரை
செயலற்ற நிலை.
நினைவிருக்கிறது.
குதாதாத் மாம்பழம், கூடையில் கடைசி.
சாறு முழங்கைக்கு இறங்கிவிட்டது,
கழுவாமல் எப்படிச் சுட்டியைத் தொட?
அரை நாள் சம்பளம் போனது அதற்குத்தானா.
போகட்டும், அந்த விலை பெறும் பழம்தான்.

மகன் படிக்கும் தளத்திடமும் கேட்டிருந்தேன்.
கோவர்த்தன், பதினொன்றாம் வகுப்பு, வேதியியல் மாதிரித் தேர்வு.
கண் திரையை விட்டு விலகியது பதினான்கு முறை.
அறையில் இரண்டாவது முகம்: நரசிம்மர்,
லீ பஜார் மளிகைக் கடைக் காலண்டரில்.
அறையில் இரண்டாவது குரல்: பல்லி.
தென்கிழக்கில் பல்லி சொன்னால் கலகம் என்று
பஞ்சாங்கத்தில் ஒரு கட்டம் உண்டு.
இவர்களிடமும் அப்படியொரு கட்டம் இருக்கிறது.
நேர்மை, நூற்றுக்கு அறுபத்திரண்டு.
பஞ்சாங்கமாவது பரிகாரம் சொல்லும்.

மறுபடி என் கோப்பு.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் கை நின்றது.
ஒலிவாங்கி மூடியிருந்ததாக நான் நினைத்த நேரங்கள்.
ஜவ்வரிசி ஏலத்தில் விட்ட பணத்துக்காகத்
துளசிராமை நான் ஏசியது,
அடகுக்குப் போன வளையல்,
கர்ப்பப்பை ஸ்கேனில் டாக்டர் வட்டம் போட்ட இடம்,
மேலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர்,
எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன்
அந்தக் கருவிக்கு ஒரு முழம் தள்ளி.

படித்தேன்.
புரியவில்லை. புரியவில்லை. இருமல்.
புரியவில்லை. பாத்திரம் விழும் ஓசை.
மொழி: மராத்தியாக இருக்கலாம், முப்பத்தொரு சதவீதம்.
தெலுங்காக இருக்கலாம்.
புரியவில்லை.
இருபத்துமூன்று பக்கம் இப்படியே.

சிரித்த சத்தத்தில் துளசிராம் எழுந்துவிட்டார்.
என்னடி என்றார், சௌராஷ்டிரத்தில்.
சொன்னேன், சௌராஷ்டிரத்தில்.
கணினியை மூடிவிட்டுத்தான் சொன்னேன்.

பள்ளியில் இதை ஒளித்தவள் நான்.
வீட்டுப் பேச்சை எழுதிக் காட்டு என்று
மரகதவல்லி டீச்சர் கேட்டபோது
எழுத்து வராமல், நின்றபடியே
தமிழ்தான் டீச்சர் என்று பொய் சொன்னவள்.
ரேஷன் கடை, கல்லூரி, வங்கி,
எந்தப் படிவத்திலும் எங்களுக்கு வாய்த்த கட்டம்
‘பிற’.

திங்கட்கிழமை காலை புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது.
தங்களுக்கு மேலும் நன்றாகச் சேவை செய்ய:
வீட்டில் பேசும் மொழி.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் உள்ளே போக முடியாது.
பட்டியலை இறக்கினேன், இறக்கிக்கொண்டே போனேன்.

இருக்கிறது.
எழுத்துப் பிழை இல்லாமல்,
இரண்டு பெரிய மொழிகளுக்கு நடுவில்
அவற்றின் அளவு எழுத்திலேயே.
நாற்பத்தோரு வயதில் முதன்முறையாக
ஒரு படிவம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

தமிழ் மேலேயே இருக்கிறது.
ஒரு பொய், பழகின பொய்.

சுட்டி ‘சௌ’வின் மேல் நிற்கிறது.
ஒரு நிமிடம்.
மூன்று.
நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்,
எதன் மேல் என்றும்.