குடுவை காலியாகும் வரை

வியாழன் இரவு, கடைசிக் காட்சி முடிந்து
தெருவிளக்கின் கீழ் நாங்கள் ஐந்து பேர்.
மொண்டெவிடியோவில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்.
ஆறு என்று பெயர், அக்கரை தெரியாது;
அங்கிருந்து கிளம்பி வரும் காற்று
கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கும்.

சட்டம் எளிது.
நிபியாவின் கக்கத்தில் ஃபிளாஸ்க்,
கையில் சுரைக்குடுவை, அதில் மாத்தே இலை, கசப்பு,
எல்லோருக்கும் ஒரே ஒரு உலோகக் குழல்.
குடுவை யார் கையிலோ பேச்சு அவருக்கு.
அடித்தண்ணீர் வற்றிக் குழல் ‘கொர்ர்’ என்றதும்
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
எழுவாயை மட்டும் சொல்லிவிட்டுப்
பயனிலைக்காக அடுத்த சுற்றுவரை
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களும் உண்டு.

எல்பியோ லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
போன வாரப் படம் முழுக்க ஒரு லிஃப்டுக்குள் நடந்தது.
“கேபிள் அப்படி அறுகாது” என்றார்.
மிச்சத் தண்ணீரை நிதானமாகக் குடித்தார்.

எல்லையூரில் ஐஸ் விற்பவனின் கதையை
நிபியா தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள்.
“இரண்டு மணி நேரம் உருகியது.
ஐஸ் இல்லை, நான்.
நல்லவிதமாகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள்,
எனக்கே இன்னும்...”
கொர்ர்.

லுர்தெஸுக்கு இருபத்திரண்டு வயது,
பிடித்த படத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.
“கேமரா ஆடினால் உண்மையாகிவிடுமா?
அப்படியென்றால் 121ஆம் நம்பர் பஸ்தான்
இந்த நாட்டின் ஆகப்பெரிய இயக்குநர்.”

வில்மார் வரி அலுவலகத்தில் வேலை.
ஒரு காலத்தில் வீட்டை அடகு வைத்துப் படமெடுக்கக் கிளம்பி
பாதியில் நின்றவர் என்று கேள்வி.
நாங்கள் கேட்டதில்லை.
“பணமில்லாமல் எடுத்தது தெரிகிறது.
அதை மறைக்காததுதான் பிடித்தது.
சமையலறையில் அந்த அம்மாள்
கோப்பையைக் கீழே வைக்குமுன் ஒரு நொடி யோசித்தாளே,
அந்த ஒரு நொடிக்காக இன்னொரு டிக்கெட்...”
கொர்ர்.

எங்கள் பேச்சால் எந்தப் படமும் ஓடியதில்லை.
எந்தப் படமும் நின்றதுமில்லை.
இன்று அரங்கில் முப்பத்தொரு பேர்,
ஹீட்டரும் வேலை செய்யவில்லை.

என் முறை.
நான் மருந்துக்கடையில் இரவுப் பணி,
நேற்று விடிய விடிய நின்றிருந்தேன்.
இன்றைய படம் மூன்று மணி நேரம்,
மூடப்போகும் கம்பளிக் கிடங்கு, கணக்குப் பார்க்கும் இருவர்.
குடுவை சூடாக இருந்தது. சொன்னேன்:
“நடுச்சாமத்தில் ஒரு மஞ்சள் குதிரை உள்ளே வந்து
மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றதே,
முள் அசையவே இல்லையே,
அது போதும் எனக்கு.”

யாரும் பேசவில்லை.
பேச முடியாது, குடுவை என்னிடம்தான்.
அவசரமாக உறிஞ்சிக் காலியாக்கினேன்.

அடுத்து வாங்கிய லுர்தெஸ்
ஒரு வாய்கூடக் குடிக்காமல் கேட்டாள்:
“படம் கறுப்பு வெள்ளைதானே?”
எல்பியோ நிமிர்ந்து தெருவிளக்கைப் பார்த்தார்,
அதிலும் ஏதோ பழுது இருப்பதுபோல.
காது மடல் சுட்டது எனக்கு.
இலவசமாய்த் தூங்க ஒரு வீடு இருக்கும்போது
டிக்கெட் வாங்கித் தூங்கியவள்.

குடுவை வில்மாரிடம் போனது.
அவர் பாதிவரை குடித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“முள் அசைந்தது” என்றார்,
“கொஞ்சம்தான். குதிரை மூச்சு விட்டபோது.
நீங்கள் அதற்குள் விழித்திருப்பீர்கள்.”

கொர்ர்.

நிபியா மறுபடி வெந்நீர் ஊற்றி
சுற்றைக் குலைத்து நேரே என்னிடம் நீட்டினாள்.
இந்த ஊரில் குடுவையைத் திருப்பித் தரும்போது
நன்றி சொன்னால், போதும் என்று பொருள்.

குடித்தேன்.
எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.