உயிருடன் இருப்பவர்

இணைப்பு நாற்பத்தெட்டு மணி நேரம்தான் உயிரோடிருக்கும்
என்று கிள்ளானிலிருந்து எட்வின் எழுதியிருந்தான்.
அப்பாவின் பெரியப்பா பேரனோ, கொள்ளுப்பேரனோ.
என்ன முறை வைத்துக் கூப்பிடுவதென்று
அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும்.

ராயக்கோட்டைச் சாலையில் எங்கள் ஆலையில்
இரவு ஷிஃப்டில்தான் நெட் ஓடும்.
வெளியே பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கேட்டிலிருந்து டீக்கடை வரை.
உள்ளே நான் மாம்பழக்கூழுக்கு பிரிக்ஸ் பார்த்து எழுதுகிறேன்,
பதினாலு, பதினாலரை.
ஒவ்வொரு டிரம்முக்கும் தயாரித்த தேதி, காலாவதித் தேதி.
இரண்டும் இல்லாமல் ஒன்றும் வெளியே போகாது.

முதலில் அது குடும்பப்பெயர் கேட்டது.
எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது.
அப்பா பெயரைப் போட்டேன், அருளப்பன்.
அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர்.
சிவப்பில் எச்சரித்தது:
தந்தைக்கும் மகளுக்கும் குடும்பப்பெயர் பொருந்தவில்லை,
பிழை இருக்கலாம்.

இருக்கலாம்.

பதிவிறக்கம் அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது.
கரண்ட் ஒருதரம் கண் சிமிட்டியது, மறுபடி முதலிலிருந்து.
மூன்றாவது தடவை வந்துசேர்ந்த கோப்பைத் திறந்தால்
பெயர்களெல்லாம் கட்டம் கட்டமாய்,
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர்
முகத்தை மூடிக்கொண்டு நிற்பதுபோல்.
யூனிகோடுக்கு மாற்றியதும்
ஒவ்வொருவராய்த் துணியை விலக்கினார்கள்.
சவரிமுத்து. ஞானப்பூ. சூசையம்மாள்,
எலத்தகிரிக் கோயிலில் ஞானஸ்நானம், பினாங்கில் அடக்கம்.
பிறந்தன்றே போன ஒரு தெரசாவுக்குக்கூட
இரண்டு தேதிகள், இரண்டும் ஒன்று.

செத்தவர்களுக்குத்தான் அங்கே பெயர்.
இருப்பவர்களைத் தளம் காட்டாது,
தனியுரிமை.

தாத்தா ராயப்பனின் கீழே நான்கு பிள்ளைகள்.
சின்னப்பன், 2003.
மதலேனாள், 2016.
குட்டையில் விழுந்த இன்னாசி, 1971.
நான்காவது கட்டம் சாம்பல் நிறம்.
உயிருடன் இருப்பவர்.

இருபத்திரண்டு வருஷம்.
துறைமுகத்தில் வேலை என்று போனவர்.
இரண்டு டிராஃப்ட் வந்தது, ஒரு போன் வந்தது,
போனில் முக்கால்வாசி இரைச்சல்.

உதவிப் பக்கத்தைப் படித்தேன்.
இறந்த தேதி யாரும் தராவிட்டால்
நூற்றுப்பத்து வயதுவரை உயிருடன் என்றே கொள்ளப்படும்.
அம்மா வைத்திருக்கும் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

அந்தக் கிளையை ஏற்றியது யாரென்று எட்வினைக் கேட்டேன்.
தெரியாதாம்,
அந்த உறுப்பினர் உள்ளே வந்து ஆறு வருஷமாகிறதாம்.

சாம்பல் கட்டத்தின் கீழே இன்னும் இரண்டு சாம்பல் கட்டம்.
உயிருடன் இருப்பவர். உயிருடன் இருப்பவர்.
எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.
இதில் எது நான்,
இல்லை, இரண்டுமே நானில்லையா?

பெயரைப் பார்க்க ஒரு வழி இருந்தது.
மூலையில் சின்னப் பொத்தான்:
இறந்தவராகக் குறிக்கவும்.
அம்பை அதன்மேல் கொண்டுபோனேன்.
அது கையாக மாறியது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் டிரம் என்னாச்சும்மா,
சூபர்வைசர் கதவருகே நின்று கேட்டார்.
நிறுத்தி வைத்திருக்கிறேன் சார்,
தேதி சரியா விழலை.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா எப்போதும்
ஒரு மெழுகுவத்தி கூடுதலாக வாங்குவாள்.
எந்தச் சிலுவையின் கீழும் வைக்காமல்
சுற்றுச்சுவர் ஓரமாய் மண்ணில் நட்டு ஏற்றுவாள்.
இருந்தால் அவருக்கு இது வேண்டியதில்லை,
இல்லாவிட்டால் வேண்டும் இல்லையா, என்பாள்.
காற்றுக்கு இரண்டு கைகளையும் கூட்டிப் பிடித்தபடி.

இந்த நவம்பரிலும் கடைக்காரர்
கேட்காமலே ஏழு எண்ணி வைத்தார்.
நான் ஒன்றைத் திருப்பி வைத்தேன்.
அம்மா என் கையைப் பார்த்தாள்,
பிறகு முகத்தை.

விலை ஏறிடுச்சா, என்றாள்.
ஆமாம் என்றேன்.