பதின்மூன்று திருகாணிகள்

வேளச்சேரி, மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஊசி போடக் கொண்டுவந்த பிள்ளையைப்போல
பேஸ் கிட்டாரை மடியில் வைத்திருந்தார் கஸாலி.
'அறுபத்தாறாம் வருஷத்துது. பாத்துச் சொல்லுங்க.'

தலைப்பலகையில் தொடங்குவது என் வழக்கமில்லை.
பெயரை யாரும் ஒட்டலாம்,
திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரே போதும்.
முதலில் எடை.
பிறகு கழுத்து உடம்பில் உட்காரும் இடம்:
விசிட்டிங் கார்டு நுழையக் கூடாது. நுழைந்தது.
அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது,
சென்னை ஈரத்தில் மரமும் பொய் சொல்லும்.

தகட்டைக் கழற்றினேன்.
பதின்மூன்று திருகாணிகள், ஒவ்வொன்றாகச் சாசரில்.
குழியின் விளிம்பில் பிய்த்த பரோட்டாபோல
அடுக்கடுக்காய் ஒட்டுப்பலகை.
வால்யூம் குமிழின் முதுகில்
வருஷமும் வாரமும் சொல்லும் ஏழு எண்கள் இருந்திருக்க வேண்டும்.
மொழுக்கென்று இருந்தது.
ஜப்பான். எழுபத்து மூன்றோ நாலோ.
நல்ல கைதான், வேறு ஆள் பெயரில்.

சொல்ல வாயெடுத்தேன்.
சாசரில் ஒன்று மட்டும் கூடுதல் பளபளப்பு.
ரிச்சி தெரு. ரேடியோ மூடிக்குப் போடுகிற நீளம்,
நுனியை அரத்தால் மழுக்கியது நான்.

தொண்ணூற்று நாலு, அக்டோபர் மழை.
ராயபுரம் கல்யாண பேண்டு ஐசக்கிடம்
அமெரிக்கா சரக்கு என்று
பதினெட்டாயிரத்துக்குத் தள்ளிய அன்று
ஒன்று குறைந்தது.
அந்தப் பணத்தில் ஸ்கூட்டர் வாங்கினேன்,
மீட்டரைத் திருப்பி வைத்த வண்டி.

பெயரின் கடைசி எழுத்து சற்றே மேலேறி நிற்கும்,
பார்க்காமலே தெரியும்.
பார்த்தேன். நின்றது.

ஆவடியில் ஒருவரிடம் வாங்கினாராம், இரண்டு லட்சத்து இருபது.
அவர் யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.
தகடு தொங்க, அப்படியே பிளக்கைச் சொருகி
தடித்த தந்தியை ஒருமுறை சுண்டினார் கஸாலி.
மொசைக் தரை வழியாக அது என் முட்டிக்கு ஏறியது.
சாசரில் திருகாணிகள் நடுங்கி ஒன்றையொன்று தொட்டன.

'காப்பிதான்' என்றேன். 'பேர் பின்னால ஒட்டினது.'
'யார் ஒட்டினா?'
'எவனோ.'

மூடும்போது ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகத் திருப்பினேன்.
பன்னிரண்டு.
'ஒண்ணு குறையுதே சார்.'
'ஆமா' என்றேன். 'ரிச்சி தெருவுல கிடைக்கும்.'

பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.
நுனி மழுங்கியதுதான்.
மூன்று மாடியும் குத்தியது.