நாற்பத்தாறாம் பக்கம்

கஸ்தூரியார் வீதியில், நகைக்கடைக்கு மேலே
எங்கள் பதிப்பகம். கீழே பொன் உருகும்,
மேலே நாங்கள்.
பஞ்சலிங்கத்தார் ஒரு கோப்பை அனுப்பியிருந்தார்:
கரப்பந்தாட்டக் கழகத்தின் ஐம்பதாண்டு மலர்,
தொண்ணூற்றெட்டில் பாமினியில் தட்டியது.
"போனிலை வாசிக்கிற மாதிரி ஆக்கும்.
கண் தெரியாத ஆக்களுக்கும் சரிவரவேணுமாம்,
காசு தாறவை கேக்கினம்."

கண்ணுக்கு அது தமிழ்தான்.
திரைவாசிப்பானைத் திறந்துவிட்டேன்.
யாழ்ப்பாணம் என்று இருந்த இடத்தில் அது சொன்னது:
ஏ, எச், ஓ, அரைப்புள்ளி,
ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி.
ஊரின் பெயரில் மூன்று மெய்கள்.
மூன்றின் தலைப்புள்ளியும் கழன்று
அரைப்புள்ளியாய்க் கீழே கிடந்தன.
பத்து நாள் குனிந்து குனிந்து
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமைகளில் றெஜினா வருவாள்,
பாசையூரிலிருந்து பஸ்ஸில்.
கிழமை நாளில் ஆஸ்பத்திரித் தொலைபேசி மேசை,
எல்லா வாட்டின் இலக்கமும் விரலில்.
காதுக்குழாயைக் கழற்றி
ஒருதரம் எனக்கும் கேட்கவைத்தாள்.
மூன்று மடங்கு வேகம்.
எனக்குத் தகரத்தில் கொட்டும் மழை,
அவளுக்கு இரண்டாம் அத்தியாயம்.

"இதிலை தலைப்பு எங்கை?"
"தடிப்பாய்ப் போட்டிருக்கிறன்."
"தடிப்பு எனக்குக் கேக்காது.
இது தலைப்பு எண்டு அதுக்குச் சொல்லும்.
பிறகு நான் பாய்ஞ்சு பாய்ஞ்சு போவன்."

பஞ்சலிங்கத்தாருக்கு வேறு கவலை.
"பக்க எண்ணைக் காணேல்லை?"
"அண்ணை, எழுத்தைப் பெருப்பிச்சால் பக்கம் கலைஞ்சுபோகும்.
ஒருத்தருக்கு நூறு பக்கம், இன்னொருத்தருக்கு நானூறு."
"அப்ப நாற்பத்தாறாம் பக்கத்துப் படம்?"
"அது எங்கையாவது வரும்."
அவர் முகம் கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.
அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் படத்துக்கு மாற்றுரையாக
'குழுப்படம், 1986' என்று எழுதியிருந்தேன்.
றெஜினா நிறுத்தினாள்.
"படம் எண்டு அதுவே சொல்லுது.
உள்ளுக்கை என்ன கிடக்கு?"

மூன்று வாரம் அந்தப் படத்தோடு இருந்தவன் நான்.
வெளிச்சம் கூட்டினேன், ஓரம் வெட்டினேன்,
அளவு குறைத்தேன், கைபேசியில் கெதியாய்த் திறக்க.
இப்போதுதான் எண்ணினேன்.
ஐந்து பேர் நிற்கிறார்கள், நான்கு பேர் இருக்கிறார்கள்,
நடுவில் பந்து, பின்னால் கட்டாத வலை.
நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாமவருக்கு
முகம் இல்லை.
நிழல் என்று நினைத்திருந்தேன். பெருப்பித்தேன்.
பேனை மை. சுற்றிச் சுற்றி,
தாள் கிழியும்வரை யாரோ.

தொலைபேசியில் கேட்டேன்.
பஞ்சலிங்கத்தார் நெடுநேரம் பேசவில்லை.
"எட்டுப் பேர் எண்டு போடும்."
"ஒன்பது பேர் நிக்கினம் அண்ணை."
"தெரியாத ஆக்களுக்கு எட்டெண்டாலும் ஒண்டுதானே."

எந்தத் தெரியாத ஆக்கள் என்று நான் கேட்கவில்லை.
றெஜினா பக்கத்தில்தான் இருந்தாள்,
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

எழுதினேன்.
'ஒன்பது வீரர்கள்.
நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாமவரின் முகம்
மையால் அழிக்கப்பட்டிருக்கிறது.'
எழுதியதை இயந்திரம் வாசித்தது,
சென்னைக் குரலில், மூன்று மடங்கில்,
ஒரு தும்மல் நேரத்துக்குள்.

றெஜினா வேகத்தைக் குறைத்தாள்.
மூன்று, இரண்டு, ஒன்று.
இன்னொருதரம் ஓடவிட்டாள்.

"அவர் என்ன போட்டிருக்கிறார்?"
"மற்றவையள் போட்டதுதான். பெனியன்."
"இலக்கம்?"
"ஏழு."
"அதையும் எழுதும்."

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.
ஏழாம் இலக்கப் பெனியன் என்று சேர்த்து
சேமித்தேன்.