முன்பணம் இல்லாத வீடு

தோட்டப்பாளையத்தில் முன்பணம் கேட்காத
ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார் புரோக்கர் முனிரத்தினம்.
சாவியை நீட்டும் முன் தொண்டையைச் செருமினார்:
"மறைக்கக் கூடாது பாரு,
உள்ள ஏற்கெனவே ஒருத்தர் கீறாரு."
அப்பா வாடகையைக் கேட்டார்.
அம்மா கேட்டாள்:
"இன்னா வயசு இருக்கும்?"

அறுபது, அறுபத்தஞ்சு என்றார்.
அம்மாவின் முகம் அப்படியே இறங்கியது.
தணிகைவேலுக்குப் பத்தொன்பது.

ஆனாலும் வந்தோம்.
காட்பாடி வீட்டை விற்ற பணம்
பெரிய ஆஸ்பத்திரி ரசீதுகளாக
ஒரு மஞ்சள் பையில் இருந்தது.
பரணில் போட அப்பாவுக்கு மனமில்லை;
சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
கத்திரி வெயில். மொட்டைப் பாறை மலைகள்
பகலில் குடித்ததை இரவெல்லாம் துப்பின.
எட்டாம் நாள், மணி மூன்று இருக்கும்,
அடுப்பு அணைந்த வீட்டில்
கடுகெண்ணெய் காயும் வாசனை.
எங்கள் வீட்டில் என்றைக்கும் கடலை எண்ணெய்தான்.

பிறகு குரல்.
தெரியாத மொழியில் எண்ணுகிற குரல்.
ஜன்னலில் டோக்கன் கூப்பிடுவார்களே, அந்த நிதானத்தில்,
ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே
ஒருவர் எழுந்து நடந்து போகிற அளவு
இடம் விட்டு.

மாடி வீட்டுப் பூங்காவனம் சொன்னாள்:
கல்கத்தாப் பக்கத்து ஆள்.
ரிப்போர்ட்டுக்காகத் தங்கியிருந்தார்.
மகன் ரயில் டிக்கெட் எடுக்கப் போயிருந்த நேரம்.
கதவுக்குப் பின்னால் நாளுக்கு ஒன்றாய்
அவர் போட்ட பென்சில் கோடுகள்
வெள்ளையடித்தும் மறையவில்லை.
முப்பத்தொன்று எண்ணினேன்.
நாங்கள் போட்டிருந்தால் நூற்று நாற்பது.

அப்பா, கேஸ் லீக்கு என்பார்.
எழுந்து போய் மூடிய சிலிண்டரை
இன்னொரு முறை மூடுவார்.

அம்மா பயப்படவில்லை, கோபப்பட்டாள்.
"பெத்த புள்ள வரல, எவனோ வரான்"
என்று ஒரு ராத்திரி குண்டானை வீசினாள்.
மறுநாள் எண்ணிக்கை வரவில்லை.
விடியும்வரை சமையலறை வாசலில் உட்கார்ந்து
"கோச்சிக்கினாரா பாரு" என்றாள்.

அவர் திரும்பி வந்ததும் பேச்சுக் கொடுத்தாள்.
அங்க எங்க பையனப் பாத்தீங்களா,
ஒல்லியா இருப்பான், இடது புருவத்துல தழும்பு,
தானா பேச மாட்டான்,
நீங்கதான் கூப்புடணும்.
எண்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.
"அவருக்குப் புரியலடி."

ஆகவே நான் போனேன்.
பாபு ராவ் தெருவில், மருந்துக்கடை வரிசையில்,
சங்கு வளையல் போட்ட ஓர் அம்மாள்.
சைகையும் ஓட்டை இந்தியுமாக
ஒரே ஒரு வாக்கியம் கேட்டு வாங்கினேன்:
என் தம்பியைப் பார்த்தீர்களா.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
உள்ளங்கையில் நான் தமிழில் எழுதி முடிக்கும்வரை
தன் டோக்கனைப் பல்லில் கடித்தபடி
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு
வேர்வையில் மை கலங்கியிருந்தது.
பாதியைத்தான் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.
எண்ணிக்கை நின்றது.
குழாயில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.
வேறொன்றுமில்லை.
ரொம்ப நேரம் வேறொன்றுமில்லை.

இருட்டிலிருந்து அம்மா: "இன்னா சொன்னாரு?"
"பாத்தாராம்."
"சட்டை?"
"நீலம்" என்றேன்.

அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.
"பச்சைடி, நாம போட்டு அனுப்புனது.
சரி விடு.
வயசானவரு.
இருட்டுல அவருக்கு எப்படித் தெரியும்."