உறுப்பினர் தமிழில் பேசினார்

மிட்டாதார் பச்சியண்ணக் கவுண்டர்
எனக்கு எந்த வகையிலும் உறவில்லை.
சேலம் கலெக்டர் ஆபீஸ் பின்கட்டு, ஆவண அறை.
ஸ்கேனர் ஒன்று, மாஸ்க் ஒன்று,
நாளுக்கு நானூறு பக்கம் கணக்கு.
அந்த நானூறில் அவர் வந்துகொண்டே இருந்தார்.

முதலில் ஓர் ஏலப் பட்டியலில்.
ஆலடிப்பட்டி மிட்டா, தீர்வை பாக்கி,
எடுத்தவர் இன்னார், வயது இருபத்திரண்டு.
பிறகு கட்டுக்குக் கட்டு
நஞ்சை, புஞ்சை, ஏற்றம் பூட்டிய இரண்டு கிணறு,
யாருக்கும் வேண்டாத ஒரு கொழிஞ்சிக் காடு.
அப்படியே அடிவாரம் தாண்டி மலையேறி
நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம்.
கையெழுத்து வருடா வருடம் பெருத்துக்கொண்டே போய்
கடைசியில் முத்திரையின் மேலேயே ஏறி நிற்கிறது.

பத்து ரூபாய் தீர்வை கட்டியவனுக்குத்தான் அன்று ஓட்டு.
அவர் ஊரில் அப்படி முப்பத்தொரு பேர்.
அதில் பத்தொன்பது பேர் அவரிடம் கடன்பட்டவர்கள்.
ஜெயித்தார்.
சூரமங்கலத்தில் ராத்திரி ரயிலேறி மதராஸ் போனார்.
பயணப்படி பில்லில் முதல் வகுப்பு.
பின்னால் குண்டூசி குத்திய சீட்டில்
இரண்டாம் வகுப்பு.
துரு அந்த இடத்தை மட்டும் தின்னாமல் விட்டிருக்கிறது.

மூன்று வருடத்தில் நான்கு கேள்வி.
திருமணிமுத்தாற்றுக்குப் பாலம் எப்போது?
ஏற்காட்டுச் சாலையில் வண்டிக்குச் சுங்கம் எதற்கு?
வெள்ளைக்கல் வெட்டும் கூலியாட்களுக்கு
நிழலுக்கு ஒரு கொட்டகையாவது உண்டா?
மூன்றுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் இருக்கிறது.
நான்காவதற்கு எழுந்து நின்றுவிட்டார்.
மலைக்காட்டில் மாடு மேய்க்க வரி கூடாது என்று.

அச்சான சபைக் குறிப்பைத் தேடி எடுத்தேன்.
மந்திரி சொன்னது ஆறு பக்கம், இங்கிலீஷில்.
கவுண்டர் சொன்னது ஒரு வரி:
உறுப்பினர் தமிழில் பேசினார்.
அவ்வளவுதான்.
சுருக்கெழுத்துக்காரர் அந்நேரம் நகம் பார்த்திருக்கலாம்.
அடுத்த வரியில் ஒரே ஒரு சொல், சிரிப்பு.
எதற்குச் சிரித்தார்கள்?
அவர் சிரிக்கவைத்தாரா,
அவரைச் சிரித்தார்களா?
மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு யோசித்தேன்.

அதே வருடம், அதே மாதம்,
முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு.
வாதி, மிட்டாதார், சட்டசபை உறுப்பினர்.
பிரதிவாதி, நாகலூர் வெள்ளச்சி, மலையாளிப் பெண்,
புருசன் இல்லை, எருமை மூன்று,
தோட்டத்தை ஒட்டிய பதினோரு சென்ட்.
அவள் பேசியதை மட்டும்
ஒரு புண்ணியவான் வரி விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

"எங்கிட்ட காயிதம் இல்லீங்க.
அந்த நெலத்துல ஒரு பெலா இருக்குது.
அதுல மூணாவது கெளை
எனக்குத் தாலி ஏறுன வருசம் இடி விழுந்து ஒடிஞ்சது.
எந்தப் பக்கத்துக் கெளைன்னு
சாமியக் கேளுங்க."

வாதியைக் கேட்டார்கள்.
வாதி பதில்: தெரியாது.

ஆயிரத்துச் சொச்சம் காகிதத்தில்
அவர் வாயிலிருந்து வந்ததாக
எனக்குக் கிடைத்த ஒரே சொல் அது.
தீர்ப்பு அவர் பக்கம்தான்.
செலவுத்தொகையும் அவளே கட்டவேண்டும்.
அவளுடைய கட்டைவிரல் ரேகை
ஸ்கேனரில் கறுப்பாக விழுந்தது,
வெளிச்சம் கூட்டி மறுபடி எடுத்தேன்.

மிட்டா ஒழிப்பு வந்தது, மகன் விற்றான்,
வாங்கியவன் விற்றான்.
அந்தச் சர்வே எண்ணில் இப்போது
நீச்சல் குளத்தோடு ஒரு விடுதி.
போன ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு
இருபது வளைவும் ஏறினேன்.
வாட்ச்மேனிடம் ரூம் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

பலா இருக்கிறது.
அதே பலாவா என்பது தெரியாது.
அடியில் ஊஞ்சல், ஊஞ்சலில் ஒரு குழந்தை.
அண்ணாந்து எண்ண ஆரம்பித்தேன்.
ஒன்று, இரண்டு.
கீழிருந்து மூன்றா, மேலிருந்து மூன்றா,
அதை அவள் சொல்லவில்லை,
யாரும் கேட்டிருக்கவும் இல்லை.